ஒன்றரைச் சுற்று

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் வீட்டில் உள்ளவர்களும் சுகந்தானே? இப்படி விசாரிக்க எனக்கு உரிமை உண்டா என்று இரண்டு நாள் யோசித்தேன். உரிமை இல்லாவிட்டாலும் விசாரிப்பதில் தப்பில்லை என்று எழுதுகிறேன். நான் உன் பெரியப்பா மகள். நாம் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறோம், ஒரு கல்யாண வீட்டில். எனக்கு எட்டு வயது, உனக்கு ஆறு. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றோம். இரண்டு அப்பாக்களும் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

என்னை 'லாரி' என்று கூப்பிடுவார்கள். நான் வெங்காய லாரியில், மூட்டைகளுக்கு நடுவே பிறந்தவள். அந்தக் கதை உன் வீட்டிலும் ஓடியிருக்கும். நம் இரண்டு அப்பாக்களும் சேர்ந்து வாங்கிய கார் அன்று என்ஜின் இல்லாமல் நின்றதால்தான் அம்மாவை லாரியில் ஏற்றினார்கள். அதில் வந்த சண்டையில் சொத்தைப் பிரித்தபோது, பேசித் தீர்க்க வந்த பெரிய மனிதர்கள் காரையும் பிரித்தார்கள். அடிச்சட்டமான சேஸிஸ் அண்ணனுக்கு, என்ஜின் தம்பிக்கு. உலகத்தில் இப்படியொரு பாகப்பிரிவினை நடந்திருக்குமா?

சேஸிஸ் எங்கள் கொட்டகையில் அப்படியே நிற்கிறது. துருப்பிடித்த மேல்கூட்டை எல்லாம் கழற்றியாயிற்று. என்ஜின் உன்னிடம் இருக்கிறதா? இருந்தால், இறுகிப்போய்விட்டதா? அதைத் திரும்ப உள்ளே வைத்துப் பார்க்க எனக்கு ஆசை. நாற்பத்து நான்கு வருஷம் இல்லாத ஆசை இப்போது ஏன் என்று கேட்காதே. கொஞ்சம் அவசரமான ஆசை என்று மட்டும் வைத்துக்கொள்.

போன் செய்யலாம் என்றுதான் நினைத்தேன். போனில் வந்த வார்த்தையை அடித்துத் திருத்த முடியாது. அதனால் கடிதம்.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்
அக்கா


பிப்ரவரி 2

அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

என்ஜின் இருக்கிறது. என் லேத் பட்டறையில் மேற்கு மூலையில் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன். இறுகவில்லை. கையால் சுற்றினால் சுற்றுகிறது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் என் அப்பா இறந்தபோது, பெரியப்பா வருவார் என்று சாயங்காலம் வரை எடுக்காமல் வைத்திருந்தோம். வெயில் காலம். அவர் வரவில்லை. அதனால் அவரைப் பற்றி எனக்கு ஒரு வரிகூட எழுத வேண்டாம். நானும் கேட்க மாட்டேன்.

என்ஜின் கொடுப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் என்ஜின் கால்கள் உட்காரும் ரப்பர் மவுண்டிங் எல்லாம் உளுத்துப்போயிருக்கும். புதிதாகச் செய்ய வேண்டும். சேஸிஸில் இடப்பக்க ஓட்டைக்கும் வலப்பக்க ஓட்டைக்கும் நடுவே எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

இப்படிக்கு
தம்பி


பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். என்னைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், உன் கட்டளைப்படி.

முடிவு செய்யாத மனுஷன் அளவு கேட்க மாட்டான் என்று இந்தத் தையல்காரிக்குத் தெரியும். சட்டை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கையைத் தூக்கிக் காட்டுகிற ஆட்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! பள்ளிக்கூடச் சீருடைக்கு அளவெடுக்கிற அதே டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சேஸிஸுக்கடியில் படுத்து அளந்தேன். ஓட்டைக்கு ஓட்டை இருபத்தாறரை இஞ்ச். வளர்கிற வயசு இல்லை என்பதால் தையலுக்கு உள்ளே துணி விடவில்லை.

ஒரு ஆச்சரியம். அந்த நாளில் என்ஜின் தூக்கின செயின் பிளாக் இன்னும் அதே உத்தரத்தில் தொங்குகிறது. வெல்டிங்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "யானையே தொங்கலாம்மா" என்றார்.

வீட்டில் சின்ன மாறுதல். முன் அறைக் கட்டிலைக் கொட்டகையைப் பார்த்த ஜன்னலோரம் நகர்த்திப் போட்டிருக்கிறேன். அங்கே காற்று நன்றாக வருகிறது. படுத்தபடியே சேஸிஸ் முழுக்கத் தெரிகிறது. அவ்வளவுதான்.

அன்புடன்
அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பட்டறையில் வேலை அதிகம்.

உங்கள் அளவு தப்பு. என்ஜின் கால்களை வெர்னியர் அளவுகோலில் அளந்தேன், இருபத்தாறே முக்கால். கால் இஞ்ச் குறைகிறது. சேஸிஸ் சுருங்காது அக்கா, துணிதான் சுருங்கும். உங்கள் டேப் இழுபட்டு நீண்டிருக்கிறது. டேப் நீண்டால் அளவு குறைந்து காட்டும். இரும்பு ஸ்கேல் வைத்து ஒரு தடவை பாருங்கள்.

இறுகிவிட்டதா என்று நீங்கள் கேட்டதற்கு நான் முழுப் பதில் சொல்லவில்லை. சொல்கிறேன். அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் குளித்துவிட்டு, தார்ப்பாயை விலக்கி, பிளக் ஓட்டைகளில் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, முன்னால் கிராங்க் கம்பியைச் செருகி ஒன்றரைச் சுற்று சுற்றுவார். முழுச் சுற்றில் நிறுத்தினால் பிஸ்டன் பழைய இடத்துக்கே வந்து நின்று பிடித்துக்கொள்ளுமாம். அதனால் ஒன்றரை. காய்ச்சலில் படுத்திருந்தாலும் எழுந்து வந்து சுற்றுவார். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "அவர் பொருள்டா, கேட்டா ஓடுற மாதிரி குடுக்கணும்" என்றார். யார் கேட்டால் என்று சொல்லவில்லை. பேர் சொல்லாத ஆள் எங்கள் வீட்டில் ஒருவர்தான்.

அவர் போனபிறகு நான் சுற்றுகிறேன். கணக்குப் பார்த்தால் ரெண்டாயிரம் ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் ஆகிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தம்பி


மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு உன் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். ரெண்டாயிரம் ஞாயிறு. என் தையல் மெஷினை நாலு நாள் சுற்றாமல் விட்டாலே முறைத்துக்கொள்கிறது. சித்தப்பாவின் கையை ஒரு முறை தொட்டுப் பார்த்திருக்க வேண்டும் போல இருக்கிறது.

டேப் விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி. பதினைந்து வருஷமாக அந்த டேப். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் சட்டை இறுக்கமாகவில்லையே என்று யோசித்தேன். அதே டேப்பில் அளந்து அதே டேப்பில் வெட்டுகிறேன் இல்லையா? தப்பு வீட்டுக்குள்ளேயே இருக்கிறவரை தெரிவதில்லை. உன்னிடம் எழுதி அனுப்பினபிறகுதான் மானம் போயிற்று.

தப்பாக நினைக்காவிட்டால் ஒன்று கேட்கிறேன். இவ்வளவு பொன்னைப்போல் காத்தவர், நான் பிறக்கிற நேரத்தில் என்ஜினை ஏன் கழற்றினார்? எங்கள் வீட்டில் சொல்வது இதுதான்: 'ஊருக்குப் போன இடத்திலிருந்து அண்ணன் எழுதியும் தம்பி கேட்கவில்லை. பிரசவ நேரம் என்று தெரிந்தும் வண்டியைப் பிரித்துப் போட்டான்.' அம்மா கடைசிவரை அதைச் சொல்லிச் சிரித்தாள். "வெங்காய வாசனையில பொறந்தவ, அதான் எல்லாரையும் அழ வைக்கிறா" என்பாள். அவள் போய் எட்டு வருஷம் ஆகிறது. சிரிக்காத ஆள் ஒருவர்தான். அவரைப் பற்றி எழுதக்கூடாது.

அக்கா


ஏப்ரல் 4

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று வாரம் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அசிங்கமாக எழுதியிருப்பேன்.

அண்ணன் எழுதியும் கேட்கவில்லையா? அண்ணன் எழுதியது இதோ. அப்பாவின் கருவிப்பெட்டியில் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்த தபால் அட்டை. மூலத்தையே அனுப்புகிறேன், நகல் என்று சொல்லிவிடக்கூடாது இல்லையா. எட்டாம் தேதி முத்திரை, நீங்கள் பிறப்பதற்கு நாலு நாள் முன்னால்.

'தம்பிக்கு. வேலை முடிந்து நான் வர ஒரு வாரம் ஆகும். அதுவரை காத்திருக்காதே. அட்டை கண்டதும் என்ஜினை இறக்கிவிடு. அண்ணன்.'

படித்தீர்களா? 'இறக்கிவிடு.' எந்தப் பட்டறையில் போய்க் கேட்டாலும் என்ஜினை இறக்குவது என்றால் வண்டியிலிருந்து கழற்றிக் கீழே வைப்பதுதான். ஏன் என்றுகூட அப்பா கேட்கவில்லை. அண்ணன் சொன்னார், இறக்கினார். மறுநாளே உங்கள் அம்மாவுக்கு வலி வந்துவிட்டது. சொன்னதைச் செய்தவருக்கு ஊரெல்லாம் கெட்ட பெயர். எழுதினவர் நல்லவர்.

என்ஜின் வராது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

தம்பி


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும். கோபம் தீரவில்லை என்றால் இதை வைத்துவிட்டு நாளைக்குப் படி. ஆனால் படி.

அந்த அட்டையைத் தையல் மெஷின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு பல நாள் வேலை செய்தேன். கையெழுத்து அப்பாவுடையதுதான். உன் அப்பாவின் மேல் தப்பில்லை என்பதும் தெரிந்தது. பிறகு ஏன் இவர் இத்தனை வருஷம் அப்படிக் கொதித்தார் என்பதுதான் பிடிபடவில்லை.

போன வாரம் பழைய மருந்துச் சீட்டு ஒன்றைத் தேடி அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில் விரித்த காகிதத்துக்கும் கீழே ஒரு இன்லண்ட் கடிதம், ஒட்டியது ஒட்டினபடி. உன் அப்பா எழுதியது. ஆறாம் தேதி போட்டிருக்கிறார். அப்பா தங்கியிருந்த விடுதிக்குப் போய், அவர் அங்கிருந்து வேறு இடம் மாறிவிட்டதால், இங்கே திருப்பி விடப்பட்டிருக்கிறது. வந்து சேர்ந்தபோது நான் பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது, பேச்சு நின்றுபோயிருந்தது. அப்பா பிரிக்கவே இல்லை. ரேஸர் பிளேடால் நான்தான் பிரித்தேன். அப்படியே எழுதுகிறேன்:

'அண்ணாவுக்கு வணக்கம். அண்ணி சுகம். நாள் நெருங்குவதால் நடக்கக் கொஞ்சம் சிரமப்படுகிறார். நீங்கள் பழுது பார்த்துச் செயினில் தொங்கவிட்டுப் போன என்ஜினை நேற்று நானே தனியாக வண்டிக்குள் வைத்துவிட்டேன். ஓட்டியும் பார்த்தேன். கடிகாரம் மாதிரி ஓடுகிறது. வந்து பார்த்தால் அசந்துபோவீர்கள். இதில் வேறு ஏதாவது செய்ய வேண்டுமானால் ஒரு வரி எழுதுங்கள், அப்படியே செய்கிறேன்.'

புரிகிறதா தம்பி? அப்பா ஊருக்குப் போகும்போது என்ஜின் செயினில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மனசிலும் அது தொங்கிக்கொண்டேதான் இருந்தது. 'இறக்கிவிடு' என்றால் அவருக்கு, வண்டிக்குள் இறக்கு. பிரசவத்துக்கு வண்டி தயாராக வேண்டுமே என்கிற பதற்றம். சித்தப்பா அதை முன்கூட்டியே முடித்து, அண்ணனை அசத்தப் பார்த்தார். 'ஒரு வரி எழுதுங்கள்' என்று எழுதிய ஐந்தாம் நாள் ஒரு வரி வருகிறது, இறக்கிவிடு என்று. தன் கடிதத்துக்குப் பதில் என்றே நினைத்து, மனசில்லாமல் கழற்றியிருக்கிறார். ரெண்டு கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போய்விட்டன. அப்புறம் ஒருவர் 'நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன்' என்றார், ஒருவர் 'நான் சொன்னதைச் செய்யலை' என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை யாரும் யாரையும் கேட்கவில்லை.

பாதிக் கதை உன் பெட்டியில், பாதிக் கதை என் பெட்டியில். கார் மாதிரியேதான்.

இனி உன் கட்டளையை மீறுகிறேன். ஜன்னலோரக் கட்டில் அப்பாவுக்காகத்தான். இதயம் பாதிதான் வேலை செய்கிறது. வருஷக் கடைசியைப் பார்ப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "கழட்டி ஓவர்ஹால் பண்ண முடியாதாம்மா?" என்று அவரே சிரிக்கிறார். என் அவசரம் அதுதான். அந்த வண்டி ஓடுவதை அவர் ஒரு தடவை கேட்க வேண்டும். இந்த இன்லண்டை அவரிடம் இன்னும் காட்டவில்லை. காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்கா


மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அப்பாவின் கையெழுத்தை நீங்கள் பிரதி எடுத்திருந்தாலும் அவர் குரல் கேட்டது. 'அசந்துபோவீர்கள்' என்பது அவர் வார்த்தை. என் பெண்டாட்டியிடம் படித்துக் காட்டினேன். முடிக்க முடியவில்லை.

28ஆம் தேதி காலையில் லாரியில் என்ஜினோடு வருகிறேன். புது மவுண்டிங்கும் செய்து கொண்டுவருகிறேன், இருபத்தாறே முக்காலுக்கு.

வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். அறைக்குள் வரமாட்டேன். தப்பு யார் மேலும் இல்லை என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனால் அந்தச் சாயங்காலம் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. என்னைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

தம்பி


ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். அன்று நீங்கள் அறையில் அவர் பக்கத்தில் இருந்தீர்கள், நான் கொட்டகையில். அங்கே நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

முதலில் சேஸிஸின் மவுண்டிங் இடத்தைச் சுரண்டப் போனேன். நாற்பத்து நான்கு வருஷத் துரு இருக்கும் என்று கம்பி பிரஷ், மண்ணெண்ணெய் எல்லாம் கொண்டுவந்திருந்தேன். மேல்பக்கம் துணி சுற்றிக் கட்டியிருந்தது, கீழே படுத்து அளந்த உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவிழ்த்தால் நாலு போல்ட்டும் அதனதன் ஓட்டையில், கிரீஸ் தடவி, கையால் திருப்பினாலே திரும்புகிறது. கிரீஸ் பழசு இல்லை அக்கா. துணியும் பழசு இல்லை. லேத்காரனுக்கு இது தெரியும். யாரோ விடாமல் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே குந்திவிட்டேன். எங்கள் பக்கம் மட்டும்தான் காத்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு செயினை இழுத்தேன். லாரிக்காரர் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். இந்த வேலையில் கஷ்டமான இடம் ஒன்றுதான். கியர்பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு, கிளட்ச் நடுவே உள்ள பல் ஓட்டைக்குள் நேராகப் போக வேண்டும். மயிரிழை கோணினாலும் போகாது. புது வண்டியிலேயே அரை நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். அன்று நுனி தொட்டதும், பழக்கத்தில் கிராங்க் போட்டு ஒன்றரைச் சுற்று சுற்றினேன். டக் என்று ஒரு சத்தம். தானாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. லாரிக்காரர் "என்னண்ணே, அது பாட்டுக்குப் போயிடுச்சு!" என்றார். இருபத்திரண்டு வருஷமாக இரும்போடு பழகுகிறேன், இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

ஓட்டை அடைக்கக் கொடுத்திருக்கும் ரேடியேட்டர் திரும்பி வந்ததும், உங்கள் தெரு மெக்கானிக்கை வைத்து ஒயரும் பெட்ரோல் குழாயும் மாட்டிக்கொள்ளுங்கள். கிராங்க் சுற்றும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கம் வையுங்கள். என்ஜின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. குளித்துவிட்டு மேற்கு மூலைக்குப் போய் நின்றேன். தார்ப்பாய்தான் கிடந்தது. கைக்கு வேலை இல்லாமல் என்னவோ போலிருந்தது.

தம்பி


ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

நீ, வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள். உன் முறை முடிந்தது, இப்போது என் முறை. அறையில் நடந்தது.

அப்பாவைத் தலையணை கொடுத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தேன். நீ யார் என்று நான் சொல்லவே இல்லை. உன்னைப் பார்த்ததும், "குனிஞ்சு நிக்கிறத பாரு. இடது கால மட்டும் வெளிய வெச்சு. அவனேதான்" என்றார். என்ஜின் அந்தரத்தில் ஆடும்போது அவர் கை தானாக எழுந்துவிட்டது. "மெல்ல... மெல்ல... இன்னும் ஒரு விரக்கடை" என்று வாய்க்குள்ளேயே சொல்கிறார். நீயும் அப்படியே இறக்குகிறாய். அங்கே இருந்து உனக்குக் கேட்டிருக்காது. அந்த டக் சத்தம் வந்ததும் மூச்சை விட்டார். அதற்கப்புறம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ கிளம்பின சத்தம் கேட்டது.

"போயிட்டானா?"

"போயிட்டான்ப்பா. லாரிக்கு நேரமாச்சாம்."

"கையாவது கழுவிட்டுப் போனானா?"

கழுவினான் என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

கிரீஸ் தகரத்தோடு அவர் அடிக்கடி கொட்டகைக்குப் போவதை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். எலிப் பொறிக்கு என்று நினைத்தேன், என் புத்தி அவ்வளவுதான். இன்னொன்றையும் உனக்குச் சொல்லியாக வேண்டும். சித்தப்பா இறந்த அன்று அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் நிலையம் வரை போனார். மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு, நாலாவது வருவதற்குள் திரும்பிவிட்டார். வந்து கொட்டகையில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். அது சரி என்று நான் சொல்லவில்லை. நடந்தது அது.

நேற்றுக் காலை எல்லாம் தயார். மெக்கானிக் சுற்ற வந்தார், நான் விடவில்லை. கட்டைவிரலைச் சேர்த்து வைத்துக்கொண்டு நானே சுற்றினேன். முதல் சுற்று, ஒன்றுமில்லை. ரெண்டாவது, ஒரு இருமல். மூன்றாவதில் பிடித்துக்கொண்டது தம்பி! தரை அதிர்ந்தது, உத்தரத்துச் செயின் கலகலத்தது, தூசி எல்லாம் வெளிச்சத்தில் எழுந்தது. நான் பிறப்பதற்கு முன்னால் கடைசியாக ஓடினது, என் கையால் ஓடுகிறது. கை கூப்புவதா ஓடுவதா என்று தெரியாமல் நின்றேன். அறைக்கு ஓடினேன். ஜன்னல் கட்டையில் வைத்திருந்த மருந்துப் புட்டிகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்துக்கொண்டிருந்தன. அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "கடிகாரம் மாதிரி ஓடுது" என்றார்.

அதே வார்த்தை. அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. என்ஜினை நிறுத்திவிட்டு வந்து, இன்லண்டைப் படித்துக் காட்டினேன். நாலு தடவை படிக்கச் சொன்னார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. நேற்றுப் பார்த்தேன்.

இன்று காலை, உன் ஞாயிற்றுக்கிழமை நிலைமையைச் சொன்னேன். ஒரு தபால் அட்டையும் பேனாவும் கேட்டார். ஒரு மணி நேரம் எழுதினார். படிக்காமல் பெட்டியில் போடச் சொன்னார். தபால் அட்டையைப் படிக்காமல் போடுவது எத்தனை பெரிய தவம் என்று உனக்குத் தெரியுமா? படிக்கவில்லை. இந்தக் கடிதத்தோடு அதுவும் உனக்கு வரும்.

உன்
லாரி அக்கா


ஜூன் 24

தம்பி மகனுக்கு ஆசீர்வாதம்.

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். என்ஜின் சத்தம் கேட்டேன். அவன் எழுதினதையும் கேட்டேன். அவனுக்குப் பதில் போட முடியாது, உனக்குப் போடுகிறேன். நான் 'இறக்கு' என்று எழுதியிருக்கக்கூடாது. 'உள்ளே வை' என்று எழுதியிருக்க வேண்டும். அன்று நான் பஸ் ஏறாததும் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு வேலை இல்லையாமே, அக்கா சொன்னாள். இந்தத் தடவை தெளிவாகவே எழுதுகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை வா. கொட்டகையோடு நின்றுவிடாதே. உள்ளே வா.

பெரியப்பா